ஆஞ்சியோவில் 40 சதவீத அடைப்புதான். அப்புறம் எப்படி மாரடைப்பு வந்தது?

கேள்வி:

வயது 34. போன மாதம் விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சுக்கு நடுவில் கருங்கல்லைத் தூக்கி வைத்ததுபோல வலி, தாடை வரை இழுத்தது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்து மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருந்தது. ஆஞ்சியோவில், இதயத்தின் முன்பக்கம் இறங்கும் குழாயில் ரத்தக்கட்டி. அதை உறிஞ்சி எடுத்த பிறகு அங்கே 40 சதவீத அடைப்புதானாம். மற்ற இரண்டு குழாய்களும் நன்றாக இருக்கின்றன. ஸ்டென்ட் வைக்கவில்லை, மாத்திரை மட்டும். சர்க்கரை, பிபி கிடையாது. எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 196. சிகரெட் 19 வயதிலிருந்து, தினமும் ஏழெட்டு. ஆறு மாதத்துக்கு முன் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்.

40 சதவீதத்துக்கு மாரடைப்பு வருமா? ராத்திரி கண்ணை மூடவே பயமாக இருக்கிறது.

பதில் 1:

தம்பி, பதினோரு வருடமாக, ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். உங்கள் வயதுக்காரர்கள் மேசையில் படுத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

ஆஞ்சியோ படத்தில் நாம் பார்ப்பது குழாயை அல்ல, உள்ளே ஓடும் சாய மருந்தின் நிழலை. சுவருக்குள் எவ்வளவு கொழுப்பு பொதிந்திருக்கிறது என்று அது காட்டாது. ஆரம்பத்தில் படிவு சேரச் சேர, குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கும். அதனால் ரத்தம் போகும் வழி அவ்வளவாகக் குறையாது. டிரெட்மில் டெஸ்ட் பிடிப்பது, ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பை. 40 சதவீதம் அதில் மாட்டாது.

சரி, மாரடைப்பு எப்படி வந்தது? படிவின் மேல்மூடி கிழிந்திருக்கலாம், அல்லது அதன் மேல்தோல் மட்டும் உரிந்திருக்கலாம். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறையத்தான் செய்யும். அந்தக் கட்டி சில நிமிடங்களில் வழியை மொத்தமாக அடைத்துவிடும். இப்படித் தோல் உரிவதை இளவயதில், குறிப்பாகப் புகைப்பவர்களிடம், அதிகம் பார்க்கிறோம்.

இதெல்லாம் புதிதல்ல. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி வயது சுமார் 22. அவர்களில் 77 சதவீதம் பேரின் இதயக் குழாய்களில் ஏதோ ஒரு அளவில் நோயின் தடயம் இருந்தது. படிவு இருபதிலேயே தொடங்கிவிடுகிறது.

மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சிகரெட்டை இன்றோடு விட்டுவிடுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

பதில் 2:

எல்லோருக்கும் கொழுப்புதான் காரணம் என்றில்லை என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு வந்தது 33 வயதில், குழந்தை பிறந்து மூன்றாவது வாரம். முதலில் பதற்றம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாய்ச் சுவரின் அடுக்குகள் தானாகவே பிரிந்து, நடுவில் ரத்தம் தேங்கி, வழியை நெருக்கியிருந்தது. படிவே இல்லை. எனக்கும் ஸ்டென்ட் வைக்கவில்லை. சில மாதம் கழித்து எடுத்த படத்தில் குழாய் ஆறியிருந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நெஞ்சுவலி என்றால் தயவுசெய்து ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த ராத்திரிப் பயம் எனக்கு நாலைந்து மாதம் இருந்தது. டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பதில் 3:

எல்டிஎல் 196 என்பதை யாரும் கவனிக்கவில்லையே? 190க்கு மேல் போனாலே பரம்பரைக் கொழுப்பா என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஆண்களுக்கு 55க்கு முன்போ பெண்களுக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்திருக்கிறதா? பரம்பரையாக வரும் இன்னொரு கொழுப்பு வகையான லிப்போபுரோட்டீன் ஏ டெஸ்டும் எடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒரு தடவை எடுத்தால் போதும். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொழுப்பு பார்த்தே ஆக வேண்டும்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. அப்பா 48இல் தூக்கத்தில் போய்விட்டார், காரணத்தை யாரும் தேடவில்லை. நேற்று தம்பியைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். வயது 29, சிகரெட் தொட்டதில்லை, தினமும் ஓடுகிறவன். எல்டிஎல் 211.