மாநகராட்சிக் கட்டடங்களில் சோலார்: மாடி ஏறிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடக்கம்:
சென்னை மாதிரி ஊரில் பள்ளி, சுகாதார நிலையம், மண்டல அலுவலகம் என்று மாநகராட்சி மாடிகளில் சோலார் போடுவதென்றால் எதை முதலில் பார்க்க வேண்டும்? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேனல் கம்பெனி விளம்பரம் வேண்டாம்.

சிவில் ஏ.இ. (உதவிப் பொறியாளர்):
கூரை என்ன கூரை என்று முதலில் பாருங்க சார். பழைய பள்ளிகளில் மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. மர உத்திரம், மேலே குத்துச் செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி. அந்தக் கட்டடத்தைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடலாம். ஆர்.சி.சி. ஸ்லாப் என்றால் பேனலும் அதைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15–20 கிலோதான், நல்ல ஸ்லாப் தாங்கும்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்று அடியில் புகுந்து பேனலைத் தூக்கும். கான்கிரீட் கட்டையை வைத்து நிறுத்துவதானால் இந்த வேகத்துக்குக் கணக்குப் போட்ட எடை வேண்டும். அப்புறம் அந்த எடையை ஸ்லாப் தாங்குமா என்று தனியாகப் பார்க்கணும், மேலே சொன்ன 15–20 கிலோவில் அது சேராது.

கட்டைக்குப் பதில் கூரையில் துளை போட்டு ஆங்கர் போல்ட் இறக்குகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான். ஸ்லாப்புக்கு மேல் ஜல்லி, அதன் மேல் தட்டோடு இருக்கும்; அந்தத் தட்டோட்டின் மேலேயே ட்ரில் இறக்கிவிடுவார்கள். போல்ட் ஜல்லியில்தான் பிடித்திருக்கும், ஸ்லாப்பைத் தொட்டே இருக்காது. ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாகக் கீழே வகுப்பறையில் ஒழுகும். பழி சோலாருக்கு. தட்டோட்டையும் ஜல்லியையும் ஸ்லாப் வரை வெட்டி எடுத்து, பசையில் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் வைத்து, சின்ன கான்கிரீட் மேடை (பெடஸ்டல்) கட்டி, சுற்றிலும் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, பிறகு ஓடு பதிக்கணும். மழைநீர்க் குழாய் வாயை எந்தக் கட்டையும் மறைக்கக் கூடாது.

டிசைன்:
1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 10 சதுர மீட்டர். ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட். தெற்கு முகம், 10 முதல் 13 டிகிரி சாய்வு. இதெல்லாம் எல்லாரும் சொல்வது.

தண்ணீர்த் தொட்டி நிழலைத்தான் தப்பாகப் போடுகிறார்கள். டிசம்பரில் நடுப்பகலில் 3 மீட்டர் உயரத் தொட்டி வடக்கே 2.2 மீட்டர் நிழல் போடும், காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இன்னும் நீளம். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிவெயில் நமக்கு வடக்கே இருந்து வரும். அப்போது தொட்டிக்குத் தெற்கே ஒட்டிப் போட்ட பேனலிலும் நிழல் விழும். ஒரு ஓரம் மறைந்தாலே நிழல் பட்ட பகுதியைத் தவிர்த்து மின்சாரத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு வேலை செய்து அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

எலக்ட்ரிகல்:
கூரையைப் பார்த்து கிலோவாட் முடிவு செய்யாதீங்க, லோடைப் பார்த்து முடிவு செய்யுங்க. வெயில் உச்சத்தில் இருக்கும் மே மாதம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அந்த யூனிட் எல்லாம் கிரிட்டுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்குப் போகும், அதற்குக் கிடைக்கிற விலை நாம் வாங்கும் விலையைவிடக் குறைவாக இருந்தால் கணக்கு உதைக்கும். அந்தக் கட்டடத்தின் டாரிஃபுக்கு நெட் மீட்டரிங்கா (அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிப்பது), நெட் ஃபீட்-இன்னா (அனுப்பிய யூனிட்டுக்குத் தனி விலை) என்று முதலில் கேளுங்க. பகல் முழுக்க ஓடும் நீரேற்று நிலையமும் மருத்துவமனையும்தான் நல்ல இடம். தெருவிளக்கு பில்லைக் காட்டி சோலார் கேட்கிறார்கள், அது எரிவது ராத்திரியில்!

இன்னொன்று. கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு இணைத்த கிரிட்-டை சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவரின் பாதுகாப்புக்காக. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி ஃபிரிட்ஜ் ஓடணும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனியாகக் கேட்கணும். ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடணும் என்றால், லோடுக்கு ஏற்ப சோலாரைக் குறைக்கும் கன்ட்ரோலர் கட்டாயம். இல்லையென்றால் லோடு குறையும் நேரத்தில் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பப் பாயும்.

18 பேனலைத் தொடராகக் கோத்த ஸ்ட்ரிங்கில் ஓபன் சர்க்யூட் (லோடு இணைக்காத) வோல்டேஜ் 900-ஐ நெருங்கும். பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில் இரண்டு பிராண்டை ஒன்றில் ஒன்று செருகாதீங்க, இறுக்கமாக உட்காராது, சூடாகி உருகும். இடிதாங்கி, டி.சி., ஏ.சி. மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி.

டிசைன்:
மேலே சொன்னதோடு ஒன்று, கடலோர வார்டு என்றால் உப்புக்காற்று. ஸ்ட்ரக்சர் ஹாட்-டிப் ஜி.ஐ.யாக (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய இரும்பாக) இருக்கணும், போல்ட் ஸ்டெயின்லெஸ். சைட்டில் வெட்டிய முனையில் துத்தநாகப் பெயின்ட் அடித்தார்களா என்று பாருங்க, துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பராமரிப்பு:
டெண்டரில் எல்லாரும் கிலோவாட்டுக்கு விலை கேட்கிறார்கள். வருஷத்துக்கு இத்தனை யூனிட் தருவேன், குறைந்தால் பணம் பிடித்துக்கொள் என்ற உறுதி வாங்குங்க, 5 வருஷப் பராமரிப்பையும் அதே ஆளிடம் கட்டுங்க. ரெஸ்கோ முறையில் முதலீடு தனியாருடையது, நாம் யூனிட்டுக்குப் பணம் கட்டணும். உள்ளாட்சி பில் தாமதமாகும் என்று தெரிந்தால் அவர் அதையும் விலையில் ஏற்றித்தான் கோட் பண்ணுவார்.

கழுவுவது விடிகாலையில், பேனல் சூடாவதற்குள். போர் தண்ணீர் ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏறும், அப்புறம் துடைத்தாலும் போகாது. ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடணும். புறா கூடு கட்டாமல் அடிப்பக்கம் வலை. வரிசைக்கு நடுவே ஆள் போக 2 அடி.

மாடிக் கதவுச் சாவி யாரிடம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்க. வாட்ச்மேன் லீவு போட்டால் கழுவ வந்த ஆள் திரும்பிப் போய்விடுவார்.