மெழுகுக்காளானா, மெழுகாம்பியா?

உயிரியல் ஆசிரியை, வெள்ளவத்தை:
வணக்கம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பட விளக்கம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். சிங்கராஜக் காட்டில் பிள்ளைகள் எடுத்த காளான் படம்: சுண்டுவிரல் நகமளவு குடை, குங்குமச் சிவப்பு. அடியில் தடித்த மடல்கள், இடைவெளி விட்டு விட்டு. தொட்டால் மெழுகுபோல் வழுக்குகிறதாம். ஹைக்ரோசைபி பேரினம் என்பதுவரை சரி. ஆங்கிலத்தில் 'வாக்ஸ்கேப்'. 'மெழுகுத்தொப்பி' என்று போட்டேன், வகுப்பே சிரித்தது. வேறு நல்ல தமிழ்ப் பெயர் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
தங்கச்சி, நம்மிடம் சொல் இல்லாமலா? ஆம்பி என்றால் காளான். சமைக்காத அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்கிறது புறநானூறு 164. சிறுபாணாற்றுப்படையில் 'காளாம்பி'. 'மெழுகாம்பி' என்று போடுங்கள். ஆம் என்றால் நீர். ஆம்பல் நீரில் நிற்பது, ஆம்பி நீர் பட்டால் எழுவது. இரண்டும் ஒரே வேர் என்பது என் கட்சி.

மொழிபெயர்ப்பாளர், தெஹிவளை:
சேர், ஆம்பியிலேயே நீர் இருந்தால் மெழுகு எதற்கு? ஹைக்ரோசைபியும் கிரேக்கத்தில் ஈரத்தலைதான். ஏற்கெனவே பாடநூலில் பங்கசு, இந்தியப் புத்தகத்தில் பூஞ்சை, வீட்டில் பாணில் பிடிப்பது பூஞ்சணம். நாலாவதாக ஆம்பியா? 'மெழுகுக்காளான்' போதும். மடலை ஆங்கிலத்தில் 'கில்' என்பதால் 'செவுள்' என்றும் எழுதிவிடாதீர்கள், அக்கா. மீனின் செவுளை நாங்கள் பூ என்போம். அதற்காகக் காளானின் பூ என்றால் தாவரவியல்காரர் அடிக்க வருவார்கள்.

தோட்டக்கலை அலுவலர், பேராதனை:
மெழுகு என்றாலே எனக்கு அம்மம்மா சாணி மெழுகிய திண்ணைதான். தொப்பி இரவல் சொல். நாய்க்குடை என்று ஊரே சொல்லும்போது 'மெழுகுக்குடை' ஏன் ஆகாது? அப்புறம் ஒரு செய்தி. ஜெர்மன் காளான் ஆய்வாளர் கும்மர் ஹைக்ரோசைபியைத் தனிப் பேரினமாக்கியது 1871இல். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் இங்கிருந்து அனுப்பிய காளான்களுக்கு ஆங்கிலேய ஆய்வாளர்கள் பார்க்லியும் புரூமும் லத்தீன் பெயர் வைத்து வெளியிட்டதும் அதே வருடம். அதிலொன்று இன்று ஹைக்ரோசைபி ஃபிர்மா. 150 வருடம் தாண்டியும் தமிழில் பெயரில்லை. வெள்ளிக்கிழமைக்குள் என்ன அவசரம்?

உயிரியல் ஆசிரியை:
அவசரம் எனக்குத்தான், ஐயா. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஆறு பேர் மெழுகுக்காளான் பக்கம். அதையே கொடுத்துவிட்டேன். அச்சாகி வந்ததில் 'க்' என்ற ஒற்றைக் காணோம்: 'மெழுகுகாளான்'. பேனாவால் அதைச் செருகிக்கொண்டிருக்கிறேன், நாற்பது பிரதி.

தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை:
மெழுகாம்பியில் ஒற்றே மிகாது, தங்கச்சி.