மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு: எல்லோரிடமும் கேட்க வேண்டுமா?

வைகைக்கரை:
இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு உள்ளதா என்று கேட்கும்படி அமெரிக்க இதயச் சங்கம் 2008இலேயே அறிவுறுத்தியது. முதலில் இரண்டே கேள்விகள்: கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா, மனம் தளர்ந்து நம்பிக்கை இழந்திருந்தீர்களா? ஆம் என்றால் ஒன்பது கேள்விப் படிவம். 27 மதிப்பெண்ணில் 10ஐத் தொட்டால் மேல்விசாரணை. என் அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து மூன்று மாதமாகியும், இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தந்த தலையணையை மடியில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். காலை மாத்திரை மாலைவரை டப்பாவிலேயே கிடக்கும். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்த மருத்துவமனையில் ஒருவர்கூட அவருடைய மனநிலையைக் கேட்கவில்லை.

சேலம் இதயமருத்துவர்:
உங்கள் தந்தையை நினைத்து வருந்துகிறேன், சகோதரி. ஆனால் எல்லோரிடமும் கேட்பதால் பயன் விளைகிறதா என்பதே என் ஐயம். 2019இல் வெளியான கோடியாக்ஸ் ஆய்வில் 1,500 இதய நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதம் கவனித்தார்கள். கேட்டுச் சிகிச்சை அளித்த குழுவுக்கும் கேட்காமலே விட்ட குழுவுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. அதற்கு முன்பே, 2003இன் என்ரிச்ட் ஆய்வில், மனச்சோர்வோ போதிய துணையின்மையோ உள்ள 2,481 மாரடைப்பு நோயாளிகளில் பலருக்கு உளவியல் சிகிச்சை அளித்தும் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை.

வைகைக்கரை:
ஐயா, கோடியாக்ஸ் ஆய்வில் ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. கேட்கப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது தென்பட்டது. மற்ற அனைவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வேறுபாடு எப்படித் தெரியும்? என்ரிச்ட் ஆய்விலும் மனச்சோர்வு ஓரளவு தணிந்ததே, அது ஒரு பலன் இல்லையா? ஆயுள் நீளாவிட்டால் துயரம் தணிவதற்கு மதிப்பில்லை என்பதை என்னால் ஏற்க இயலாது.

இதயப்பிரிவு செவிலி:
இருவரும் சிகிச்சையின் நடைமுறையைத் தொடவில்லை. டிரைசைக்ளிக் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் இதய நோயாளிகளுக்குத் தவிர்க்கப்படுகின்றன. புதிய வகை மாத்திரையான செர்ட்ராலின், 2002இல் 369 பேரிடம் நடந்த ஆய்வில், இதயத்துக்குத் தீங்கின்றி இருந்தது. அதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராமுக்கு ஈசிஜியைக் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுபவருக்கு இவ்வகை மாத்திரையைச் சேர்த்தால் இரத்தக்கசிவு கூடலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. புறநோயாளிப் பிரிவில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவர் அதற்கு ஆம் என்றால், அன்றே அவருடன் உட்கார்ந்து பேச ஆள் இருக்க வேண்டும்.

சேலம் இதயமருத்துவர்:
என் தயக்கத்தின் வேர் அந்த ஒன்பதாவது கேள்விதான். கேட்டுவிட்டு வழி காட்டாமல் அனுப்புவது கேட்காததைவிடக் கொடியது. மனநல மருத்துவரோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அங்கேயே அழைத்துப் பேசவைக்கும் செவிலியரோ இருக்கும் இடத்தில், ஒரு மாத மறுபரிசோதனையின்போது அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க எனக்கு மறுப்பில்லை. மாத்திரையைத் தவறவிடுபவரிடம் மட்டும் அதற்கும் முன்பே கேட்பேன்.