மறு: 'ஸ்பின்-ஆஃப்' படத்துக்குத் தமிழ்ச்சொல்: கிளைப்படம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஒரு தொடரிலிருந்து பிரிந்து தனியே நிற்கும் 'ஸ்பின்-ஆஃப்' படத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் துணைப்படம், புறக்கதை, ரசிகர் படம், தெறிப்பு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாகக் கிளைப்படம் என்பதை முன்வைக்கிறேன். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் ஐந்துமே சரி என்றுதான் தோன்றும். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரை எடுத்து, அதன் படங்கள்மேல் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தேன்.

தொடர், 'ஹிபிகே! யூஃபோனியம்'. அயானோ தகெடாவின் நாவல்களிலிருந்து கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் எடுத்தது. உஜி நகரில் ஒரு பள்ளியின் காற்றுக்கருவி இசைக்குழு, அதில் யூஃபோனியம் என்ற பித்தளைக் குழல் வாசிக்கும் குமிகோ என்ற பெண். முதல் பருவம் 2015, அடுத்தது 2016. 2016 முதல் 2019 வரை நான்கு திரைப்படங்கள். 2016, 2017 படங்கள் இரண்டும் தொலைக்காட்சிப் பருவங்களைச் சுருக்கித் தந்தவை. ஜப்பானியர் இவற்றை ஸோஷூஹென் என்பார்கள். நமக்குத் தொகுப்புப்படம் போதும், அதில் வழக்கில்லை.

சிக்கல் அடுத்த இரண்டில்தான். 2018இல் நாவோகோ யமாடா இயக்கிய 'லிஸ்ஸும் நீலப் பறவையும்' வந்தது. 2019இல் தொடரின் இயக்குநரான தட்சுயா இஷிஹாராவே எடுத்த படம் வந்தது. இரண்டும் நடப்பது ஒரே பள்ளியாண்டில். குழு போட்டிக்கு எடுத்துக்கொள்ளும் இசைத்துண்டும் ஒன்றே. ஆனாலும் 2019 படத்தைத் தயங்காமல் 'தொடர்ச்சி' என்கிறோம், 2018 படத்தை அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. ஏன்? 2018 படம் குமிகோவின் கதை இல்லை. அவள் சில காட்சிகளில் வந்துபோகிறாள், அவ்வளவுதான். படம் முழுக்க ஓபோ என்ற குழற்கருவி வாசிக்கும் மிசோரேயும் ஃப்ளூட் வாசிக்கும் நோசோமியும். தலைப்பில் தொடரின் பெயரே கிடையாது. பாத்திரங்களைக்கூட ஃபுதோஷி நிஷியா புதிதாக, மெலிந்த கோடுகளில் வரைந்தார். ஆகவே நமக்கு வேண்டிய சொல் காலவரிசையைச் சொல்ல வேண்டியதில்லை. கதை யார் கைக்கு மாறியது என்பதைச் சொன்னால் போதும்.

> ரசிகர்களுக்காகவே எடுப்பதால் 'ரசிகர் படம்' பொருந்தும்.

இதை ஏற்க முடியவில்லை. ரசிகர்களே எடுக்கும் படங்கள் தனியாக இருக்கின்றன, இந்தச் சொல் நியாயமாக அவற்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் இதற்குள் இருக்கும் கவனிப்பு மெய்யானது. நோசோமி முன்பு மிசோரேயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை விட்டுப் போனவள். அதன்பின் அவளுடைய ஃப்ளூட் ஒலியைக் கேட்டாலே மிசோரேக்கு உடம்புக்கு முடியாமல் போகும். இதெல்லாம் 2016 பருவத்தில் வந்தது. 2018 படம் இதை விரித்துச் சொல்வதில்லை. தொடக்கத்தில் மிசோரே பள்ளி வாசலில் காத்திருக்கிறாள். நோசோமியின் காலடிச் சத்தம் வருகிறது. இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து இசையறைக்குப் போகிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது இரண்டு பெண்கள் நடக்கும் காட்சி. தொடரைப் பார்த்தவருக்கு அந்த இடைவெளியில் இரண்டு வருட பயம் இருக்கிறது. நான் முதல்முறை பார்த்தபோது அந்தக் காலடிச் சத்தத்துக்கே தொண்டை அடைத்துக்கொண்டது. நம் சொல்லில் இந்த உறவு தெரிய வேண்டும். 'ரசிகர்' என்று ஒட்டினால் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியதுபோல் ஆகும்.

> 'கைடென்' என்பதன் நேர்ப்பொருள் வெளிக்கதை. நாமும் 'புறக்கதை' என்போம்.

ஜப்பானில் அந்தச் சொல் நெடுநாளாக இருக்கிறது, உண்மைதான். 2019இல் வந்த 'வயலட் எவர்கார்டன்' கிளைப்படத்தின் ஜப்பானியத் தலைப்பிலேயே கைடென் உண்டு. ஆனால் தமிழில் புறம் என்றால் வெறும் வெளி இல்லை, கூடவே அகம் வந்து நிற்கும். மிசோரேயின் கதையைவிட அகமான ஒன்றை நான் அனிமேயில் அதிகம் பார்த்ததில்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் போகவிட முடியாமல் தவிப்பது, தவிப்பை வாயால் சொல்லத் தெரியாதது. இதைப் புறக்கதை என்று எழுத எனக்குக் கை வராது.

துணைப்படம் என்றால் துணைநடிகர்போல ஒரு படி கீழே நிற்கும். இந்தப் படம் எதற்கும் கீழே இல்லை. 'தெறிப்பு' ஆங்கிலச் சொல்லின் மூலத்துக்கு நெருக்கம், சுழலும்போது தெறித்து விழுவது. ஆனால் தெறிப்படம் என்றால் இன்றைய பிள்ளைகள் 'அட்டகாசமான படம்' என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இனி கிளை. முதலில் தோன்றுவது மரக்கிளை: அடிமரம் ஒன்று, திசை வேறு. ஆனால் பழந்தமிழில் கிளை என்றால் சுற்றம், உறவு. கிளைஞர் என்றால் உறவினர். கிளைப்படம் என்னும்போது கிளைத்த படம் என்றும் உறவுப்படம் என்றும் இரண்டு பொருளும் கிடைக்கின்றன. கீழ் என்ற வாடையும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பண்டைத் தமிழிசையில் நரம்புகளுக்கு, அதாவது சுரங்களுக்கு, இடையே உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகச் சொன்னார்கள். இந்தப் படத்தின் உயிர், அந்த இசைத்துண்டின் மூன்றாம் பகுதியில் ஓபோவும் ஃப்ளூட்டும் சேர்ந்து வாசிக்கும் இடம். அங்கே இரண்டும் சேரவே மாட்டேன் என்கின்றன. நோசோமிக்காக மிசோரே தன் திறமையை அடக்கி வாசித்துக்கொண்டே இருக்கிறாள். அந்த இசைத்துண்டின் மூலக்கதையில் நீலப் பறவையைத் தன்னோடு வைத்திருக்கும் பெண்ணான லிஸ் தான்தான் என்று நினைத்திருந்தவள், தானே அந்தப் பறவை என்று உணர்ந்த பிறகு முழுதாக வாசிக்கிறாள். நோசோமியால் தொடர முடியாமல் போகிறது. இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள உறவைப் பற்றிய படத்துக்குக் கிளை என்ற சொல் எப்படி வந்து உட்காருகிறது பாருங்கள். இது ஒரு படத்துக்கு அமைந்த பொருத்தம், பொதுச்சொல்லுக்கு இதை ஆதாரமாக வைக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

> கிளைக்கதை என்றால் பெருங்கதைக்குள் வரும் சிறுகதை ஆயிற்றே? குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. மகாபாரத வனபருவத்தில் நளன் கதை கிளைக்கதைதான். அதைப் புகழேந்தி எடுத்து நளவெண்பாவாகப் பாடியபோது அது தனி நூல் ஆகிவிட்டது. கதை கிளைக்கதையாகவே இருக்கலாம், நூலாகவோ படமாகவோ தனியே நின்றுவிட்டால்தான் வேறு பெயர் வேண்டும். எனவே உள்ளே இருந்தால் கிளைக்கதை, பிரிந்து திரைக்கு வந்தால் கிளைப்படம், தொலைக்காட்சிக்கு வந்தால் கிளைத்தொடர். நாயகன் மாறாமல் கதை மேலே போனால் தொடர்ச்சி, பின்னே போனால் முன்கதை. கைடென், பங்கைஹென் (தொடருக்கு வெளியே வரும் கூடுதல் கதை) இரண்டும் தலைப்பில் வந்தால் பெயராக அப்படியே விட்டுவிடலாம்.

வினைக்கும் இதே சொல் உதவும்: 'இத்தொடரிலிருந்து கிளைத்த படம்'. மற்ற நான்கு சொற்களில் இந்த வசதி தெறிப்புக்கு மட்டும்தான் உண்டு.

மறுப்பு இருந்தால் ஒரு படத்தையாவது எடுத்துக்காட்டி எழுதுங்கள். குறிப்பாக, மூலத்தொடரின் நாயகனே வேறொரு உலகத்தில் வந்து நிற்கும் படங்களை என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அங்கே கதை கைமாறவில்லை, உலகம்தான் மாறுகிறது. அதற்குக் கிளைப்படம் பொருந்துமா, வேறு சொல் வேண்டுமா?

அன்புடன்.