ஒறிஜினலா, சைனாவா? திருமலை (திருகோணமலை) வண்டிகளில் பூட்டிப் பார்த்த சாமான்கள்

(எழுதுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்.)

உவர்மலை:

“ஒறிஜினல்தான்” என்று கடையில் சொன்னால் எந்த ஒறிஜினல் என்று திருப்பிக் கேளுங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வகைச் சாமான் இருக்கிறது. டொயோட்டா, சுசுகி பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பனிகளுக்குச் செய்துகொடுக்கிற தொழிற்சாலைகள் தங்கள் சொந்தப் பெட்டியில் விடுவது இரண்டாவது: டென்சோ ஸ்பார்க் பிளக், ஐசின் வோட்டர் பம்ப், கேவைபி ஷொக், கோயோ பேரிங். வேறு கம்பனிகள் அதே அளவுக்குச் செய்து தங்கள் பெயரிலேயே விற்பது மூன்றாவது. நாலாவதில் பெட்டியும் ஸ்டிக்கரும் மட்டும்தான் ஒறிஜினல் மாதிரி இருக்கும்.

காசுக்குப் பெறுமதி இரண்டாவதுதான். முதலாவதில் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். மூன்றாவதைச் சாமான் சாமானாகப் பார்த்துத்தான் சொல்லலாம். தாய்வான், தாய்லாந்து, சைனா என்று நாட்டைப் பார்த்து முடிவெடுத்தால் பாதி நேரம் பிழையாகப் போகும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அவ்வளவு காலமும் இருந்த வண்டிகளையே இழுத்ததால் எல்லா வகைச் சாமானும் இங்கே பூட்டிப் பார்த்தாயிற்று. எது போனது, ஏன் போனது என்று எழுதுங்கள். “நல்லது”, “கூடாது” என்பதால் ஆருக்கும் பிரயோசனமில்லை.

உப்புவெளி:

பிறேக் பாட்டில் எல்லாரும் தேய்மானத்தைத்தான் பார்க்கிறார்கள். நிலாவெளி வீதியில் நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் பாட் தேய்ந்து முடிய முதலே அது ஒட்டியிருக்கும் இரும்புப் பின்தகடு முடிந்துவிடும். மலிவுப் பாட்டில் இரும்புத் தகட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் மேலால் பெயின்ற் அடித்து, அதன்மேல் பாட்டை ஒட்டியிருப்பார்கள். உப்புக் காற்று விளிம்பால் உள்ளே போகும், துரு பொங்கும், பாட் தகட்டை விட்டுக் கிளம்பும். பாட்டில் 6 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும், ஆனால் ஒரு மூலை தூக்கி நிற்கும். அடுத்த படி, பிறேக் பிடிக்கும்போது பாட் தனியாகக் கழன்று விழுவது.

கடையிலேயே பாட்டைப் பக்கவாட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு கோடு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாட்டின் விளிம்பில் அச்சடித்த இலக்க வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அது உராய்வுக் குணகம், அதாவது பாட்டின் பிடிமான அளவு: ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45. முதல் எழுத்து சாதாரண சூட்டுக்கு, இரண்டாவது கடும் சூட்டுக்கு. ‘எஃப் எஃப்’ சாதாரண காருக்குப் போதும். எழுத்தே இல்லாத பாட்டை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

பூட்டும்போது கலிப்பரின் (பாட்டை டிஸ்க்கில் அமத்துகிற பகுதி) சிலைட் பின் இரண்டையும் கழற்றித் துடைத்து சிலிக்கோன் கிறீஸ் போடுங்கள். சாதாரண கிறீஸ் போட்டால் றப்பர் ஊதி அந்த சிலைட் பின் இறுகும். உள்பக்கப் பாட் மட்டும் தேயும். பிறகு “சைனாப் பாட், ஒரு பக்கம் தின்னுது” என்று கதை வரும். புது டிஸ்க் போடுகிறதென்றால் அதில் பூசியிருக்கும் துரு பிடிக்காத எண்ணெயை பிறேக் கிளீனரால் முழுதாகத் துடைக்க வேண்டும்.

கிண்ணியா நானா:

பேரிங் பற்றி. ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் பார்க்கிற முறை) உள்ள வண்டிகள் பலவற்றில் சில்லுப் (வீல்) பேரிங்கின் ஒரு பக்க சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கும். சில்லின் வேகத்தைப் பார்க்கிற சென்சர் அதைத்தான் வாசிக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மலிவுப் பேரிங் சிலதில் அந்த வளையமே இல்லை. அளவு சரி, பூட்டலாம், ஓடலாம், ஆனால் கொஞ்சத் தூரத்திலேயே ஏபிஎஸ் லைட் எரியும். ஸ்கானரில் சென்சர் பிழை என்று வரும். நல்ல சென்சரை மாற்றி வீணாய்ப் போவது இப்படித்தான்.

சோதிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். சீலுக்குக் கிட்டக் கொண்டுபோனால் வளையம் உள்ள பக்கம் மெல்ல இழுக்கும், மற்றப் பக்கம் இழுக்காது. இழுக்கிற பக்கம் சென்சரைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் காந்தம் மாதிரிப் பெரிய காந்தத்தைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், வளையமே கெட்டுவிடும்.

பிரெஸ்ஸில் ஏற்றும்போது நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் இரும்புக் கூடு) தள்ளுவது வெளி வளையத்தால், ஹப்பை (சில்லுப் பூட்டுகிற பகுதி) இறக்கும்போது தாங்கிப் பிடிப்பது உள் வளையத்தை. இதை மாற்றிச் செய்தால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் போடும். கோயோவோ என்எஸ்கேயோ எதுவானாலும் சில நூறு கிலோமீற்றரில் ஊளையிடத் தொடங்கும். மீன் ஏற்றுகிற டிமோ பட்டா சின்ன லொறிகளில் பேரிங் சீக்கிரம் போவதற்குச் சாமானை மட்டும் குறை சொல்ல முடியாது. பெட்டியால் ஒழுகுகிற ஐஸ் தண்ணி உப்புத் தண்ணி. இறக்கி முடிந்ததும் நல்ல தண்ணியால் அடிப்பக்கத்தைக் கழுவினால் பேரிங்கும் மிஞ்சும், பிறேக் குழாயும் மிஞ்சும்.

சீனக்குடா:

நானா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். “டூப்ளிகேட் புஷ் (மூட்டுகளில் வரும் றப்பர்), மூன்று மாதத்தில் கிழிந்துவிட்டது” என்ற முறைப்பாட்டில் கணிசமானவை பூட்டின பிழை. சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் போல்ட்டை வண்டி ஜெக்கில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். சில் தொங்குகிற நிலையில் றப்பர் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் றப்பர் முறுகி நிற்கும், ஓடாமல் நின்றாலும் முறுகித்தான் நிற்கும். போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியை இறக்கி, முன்னால் நாலு தரம் அமத்தி ஆட்டி, சில்லில் பாரம் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள். ஒறிஜினல் புஷ்ஷும் இந்த ஒழுங்கில்லாவிட்டால் நிலைக்காது.

பாலையூற்று:

சுசுகி வகன் ஆர் வைத்திருக்கிறவர்கள் சாமான் எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும் அண்ணை? இந்தியச் சாமான் பாதி விலை சொல்கிறார்கள்.

உவர்மலை:

தம்பி, பெயர் ஒன்று, வண்டி இரண்டு. இங்கே ஓடுகிற எம்எச்55எஸ் மொடல் ஜப்பான் வண்டி, ஆர்06ஏ எஞ்சின், 658 சிசி. இந்திய வகன் ஆரில் வருவது 998 சிசி கே10, இல்லாவிட்டால் 1197 சிசி கே12. பில்டர், பாட், புஷ் எதையும் பெயரை நம்பி எடுக்க முடியாது. அதே இந்தியச் சாமான் அல்டோ 800க்கு ஒறிஜினலேதான், அங்கே யோசிக்காமல் எடுக்கலாம்.

உப்புவெளி:

சைனாவென்றால் எல்லாம் குப்பை என்பதும் சரியில்லை. கபின் பில்டர், பம்பர் கிளிப், கண்ணாடி மூடி, மட்காட் லைனர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வைப்பர் பிளேட்டை வாடைக்காற்று தொடங்க முதல் வருடா வருடம் மாற்றத்தான் வேண்டும், மலிவானதே போதும். ஹெட்லைட்டில் கண்ணாடி மஞ்சளாவதை விட உள்ளே வெளிச்சத்தைத் திருப்பும் கண்ணாடியின் பூச்சு உரிவதுதான் பிரச்சினை. அதற்கு ஜப்பானில் கழற்றின ரீகண்டிஷன் லைட் மேல். ஆனால் ரீகண்டிஷனில் பாட், பெல்ட், புஷ், ஹோஸ் எடுக்க வேண்டாம். றப்பருக்கு ஓடின தூரத்தை விட வயதுதான் கணக்கு.

சீனக்குடா:

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணியைத் திறந்துவிடும் வால்வு) பூட்ட முதல் வீட்டிலேயே சோதிக்கலாம். சட்டியில் தண்ணி, அடியில் முட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், ஒரு வெப்பமானி. டொயோட்டா விட்ஸ், அக்சியோவில் வரும் 1என்ஸட் எஞ்சினுக்கு 80 முதல் 84 பாகையில் திறக்கத் தொடங்க வேண்டும், 95 பாகையில் 8.5 மில்லிமீற்றராவது உயர வேண்டும். மலிவில் வருவது சிலது 84ல் திறந்தாலும் பாதி உயரத்தோடு நின்றுவிடும். திருமலை ரவுணுக்குள் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஏசி போட்டு ஆளேற்றிப் போகும்போதுதான் சூட்டு ஊசி ஏறும். பிறகு ரேடியேற்றரைக் குற்றம் சொல்லிக் கழற்றுவார்கள்.

ஒயில் பில்டரில் உள்ளே இருக்கிற றப்பர் வால்வுதான் விஷயம். அது விறைத்துவிட்டால் இரவு முழுக்க ஒயில் சம்புக்கு (எஞ்சினின் அடித்தொட்டி) இறங்கிவிடும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு செக்கன் சங்கிலிச் சத்தம் வரும். பில்டர் படுக்கையாகவோ சரிவாகவோ இருக்கும் எஞ்சினில்தான் இது தெரியும். வாய் மேலே பார்க்க இருப்பதில் பெரிதாய்த் தெரியாது. இறுக்குவது கையால், றப்பர் முட்டியபின் முக்கால் சுற்று. ஸ்பெனர் போட்டால் கழற்றும்போது தகரம் கிழியும்.

கிண்ணியா நானா:

பிளக்கையும் விடக்கூடாது. கள்ளச் சாமான் அதிகம் வருவது இதில். டென்சோ இரிடியம் பவர் பிளக்கின் நடு முனை 0.4 மில்லிமீற்றர், தையல் ஊசி அளவு. போலியில் முனை தடிப்பாய், நடுவை விட்டு விலகி நிற்கும். இலக்கத்தின் முடிவில் 11 இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர், நாலையும் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவென்றால் பெட்டியோடு திருப்பிக் கொடுங்கள்.

பாலையூற்று:

கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் இருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் எப்படி நம்பி எடுப்பது?

உவர்மலை:

பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பழைய சாமானில் உள்ள இலக்கத்தைப் படமெடுத்து, வண்டியின் சசி (சேசிஸ்) இலக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள். டொயோட்டாவென்றால் ஐந்து, நடுவில் கோடு, பிறகு ஐந்து என்று பத்து எழுத்தும் இலக்கமும் இருக்கும். காசு போட முதல் பெட்டியின் படமும் சாமானின் படமும் இலக்கம் தெரியக் கேட்டு வாங்குங்கள். பில்லில் “பிறேக் பாட் 1 செற்” என்று மட்டும் எழுதாமல் அந்த இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளவு பாருங்கள், கடைத் தராசில் நிறையும் பாருங்கள். கிறீஸ் பட்ட சாமானை ஆரும் திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் இதெல்லாம் பூட்ட முதல்.