கவாய் ஒரே வருடத்தில் போனது நமக்கு நட்டமா?

கடைசிவரிசை கேட்டது:

2019இல் கவாய் லெனார்ட் ஆடிய ரொறன்ரோ ராப்டர்ஸ் NBA கூடைப்பந்துக் கப் எடுத்தபோது நான் சின்னப் பொடியன். வீட்டில் எல்லாரும் கத்தினார்கள், நானும் சேர்ந்து கத்தினேன், அவ்வளவுதான். இப்போது அந்த வருடத்து பிளேஓஃப் ஆட்டங்களை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். பில்லி (பிலடெல்பியா), மில்வாக்கி முடிந்து கோல்டன் ஸ்டேட் தொடருக்கு வந்திருக்கிறேன். முடிவு தெரிந்தும் நெஞ்சு அடிக்கிறது.

பிரச்சினை என் மச்சான். கவாய் லெனார்டின் பெயரை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. "எங்களைப் பாவித்துவிட்டு லொஸ் ஏஞ்சலஸுக்கு ஓடினவன். கப் எடுத்த அணியை எந்த ஸ்டாராவது அடுத்த மாதமே விட்டுப் போவானா?" என்கிறார். ராப்டர்ஸ் கவாய்க்கு 5 வருடத்துக்கு 190 மில்லியன் டொலர் வரை கொடுத்திருக்கலாம், அவர் போன லொஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கொடுக்கக்கூடியது 4 வருடத்துக்கு 141 மில்லியன்தான் என்று வாசித்தேன். அப்படியென்றால் குறைந்த காசுக்கு ஏன் போனார்? அவர் நின்றிருந்தால் 2020உம் நமக்குத்தானா? இன்னொன்று: ஒப்பந்தம் முடியப்போகிற ஸ்டாரை வைத்துக்கொண்டு பிளேஓஃபுக்குப் போவது புத்தியா, அல்லது பெப்ரவரியில் வீரர் மாற்றத்துக்கான கெடு முடிவதற்கு முன்னமே ட்ரேட் பண்ணிக் கிடைப்பதை எடுப்பது புத்தியா?

2019ஐப் பெரியவராக இருந்து பார்த்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

---

மூன்றுபுள்ளி_முத்து:

நான் மச்சானின் பக்கம். 2020இல் அவர் இல்லாமலே 53 வெற்றி, 19 தோல்வி. பொஸ்டனோடு ஏழாவது ஆட்டம் வரைக்கும் போய், 92-87 என்று ஐந்து புள்ளியில் வெளியே போனோம். அந்தத் தொடரில் எங்கள் முன்னணி வீரர் சியாகமுக்குப் பந்தே விழவில்லை. கடைசி நிமிடத்தில் பந்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க ஓர் ஆள் இருந்திருந்தால்? அந்த ஆள் கலிபோர்னியாவில் இருந்தார். இரண்டாவது கப் கையில் இருந்து வழுக்கிப் போனது, இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை:

காசுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், உணர்ச்சிக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

190 எதிர் 141 என்பது பார்ப்பதற்குத்தான் பெரிய வித்தியாசம். சொந்த அணிக்கு 'பேர்ட் உரிமை' இருப்பதால் ஐந்தாவது வருடமும் கொடுக்கலாம், வருடாந்த உயர்வும் 8 வீதம். வெளி அணிக்கு நான்கு வருடம், 5 வீதம். ஆனால் முதல் வருடச் சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், கிட்டத்தட்ட 32.7 மில்லியன். 2019-20க்கான சம்பள வரம்பு 109 மில்லியன், 7 முதல் 9 வருடம் விளையாடியவருக்கு அதில் 30 வீதம்தான் உச்சம்.

விஷயம் இங்கேதான். கவாய்க்கு அப்போது எட்டு வருட அனுபவம். பத்து வருடம் முடிந்தால் உச்சம் 35 வீதமாகும். ஆகவே அவர் கிளிப்பர்ஸில் நான்கு வருடத்துக்குக்கூடக் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருடம், 103 மில்லியன், மூன்றாவது வருடம் நிற்பதா போவதா என்பது அவர் விருப்பம். 2021இல் பத்து வருடம் முடிந்தது. அந்த மூன்றாவது வருடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் புதிதாக 4 வருடத்துக்கு 176 மில்லியன் எழுதினார். அதுவும் எப்போது? அந்த ஜூனில் முழங்கால் தசைநார் கிழிந்து, அடுத்த சீசன் முழுக்க ஆடமாட்டார் என்ற நிலையில்!

குறைந்த காசுக்குப் போனார் என்பது கதை. ரொறன்ரோவில் நின்றிருந்தாலும் அவருடைய ஆட்கள் இதே 'இரண்டு வருடம், மூன்றாவது அவர் விருப்பம்' என்ற கணக்கைத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். 2021இல் திரும்பவும் இதே திண்டாட்டம் வந்திருக்கும்.

---

பழைய_ஸ்கைடோம்:

தம்பி கடைசிவரிசை, உங்கள் மச்சான் 2001ஐப் பார்த்தவராக இருக்க முடியாது. பார்த்தவர் இப்படிக் கதைக்கமாட்டார்.

அந்த வருடம் மே 20, பிலடெல்பியாவில் ஏழாவது ஆட்டம். 88-87, ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். கடைசிப் பந்து வின்ஸ் கார்ட்டரிடம். மூலைப் பக்கமாக எழும்பி எறிந்தார், பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. காலையில் தன் பட்டமளிப்புக்குப் போய்விட்டு விமானத்தில் வந்து ஆடினார் என்று அதற்குப் பிறகு எத்தனை வருடம் அவரைத் திட்டினார்கள்! நான் திட்டவில்லை. நல்ல வீச்சு அது, விழவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முதல் வருடம் மக்ரேடி ஒர்லாண்டோவுக்குப் போனார். 2004 டிசம்பரில் கார்ட்டர் நியூ ஜேர்சிக்கு. 2010இல் பொஷ் மயாமிக்கு. ஒவ்வொரு முறையும் இதே புலம்பல்தான்: குளிர், வரி, கனடா, யாரும் நிற்கமாட்டார்கள். போன எல்லாரையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பாருங்கள். கையில் கப்பைத் தந்துவிட்டுப் போனவர் ஒருவர்தான்.

அவர் இங்கே வரக் கேட்டவரும் இல்லை, அதை மறக்கிறார்கள். 2018 ஜூலையில் சான் அன்டோனியோ அவரை அனுப்பியது. பதிலுக்கு நாங்கள் கொடுத்தது டெரோஸன், பெர்டல், ஒரு முதல்சுற்றுத் தெரிவு (புது வீரர்களை எடுக்கும் ட்ராஃப்டில் ஓர் இடம்). கவாயோடு டேனி கிரீனும் வந்தார். ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம் என்று தெரிந்தே எங்கள் நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி எடுத்தார். டெரோஸன் 2016இல் வேறு ஓர் அணியோடும் பேசாமல் இங்கேயே கையெழுத்துப் போட்ட மனிதன். அவருக்குச் செய்தது சரியில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை. ஆனால் கிளீவ்லாந்தில் ஆடிய லெப்ரோனிடம் மூன்று வருடம் தொடர்ந்து தோற்று, கடைசி இரண்டிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் வெளியே போன அணி அது. லெப்ரோன் நம்முடைய கிழக்குப் பிரிவை விட்டு மேற்குப் பிரிவுக்குப் போன கோடையில் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள் காலை வைக்காத மனேஜரை நான் மதிக்கமாட்டேன்.

சரி, பில்லி ஏழாவது ஆட்டத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் கடைசிப் பந்தை மட்டும் திரும்பப் போட்டு, பந்தை விட்டுவிட்டு அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 10 செக்கன் அளவில் மிச்சம் இருக்கும்போது கவாய்க்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தது, இரண்டாவது விழவில்லை. பில்லியின் பட்லர் ஓடிப்போய் 90-90 ஆக்கினார். அந்த ஒன்றைத் தவறவிட்ட ஆள், 4.2 செக்கன் மிச்சம் இருக்கும்போது திரும்பவும் பந்தை வாங்கி, வளைவு முழுக்க ஓடி, வலது மூலையில் பில்லியின் எம்பீடின் கைக்கு மேலால் எறிகிறார். எம்பீட் ஏழடி! அதனால்தான் பந்து அவ்வளவு உயரம் போனது, அதனால்தான் வளையத்தில் நான்கு தரம் குதித்தது. எல்லாரும் குதித்ததைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அவர் குந்திக்கொண்டு பார்த்ததுதான் பெரிது. அன்று அவர் 39 தரம் எறிந்திருந்தார், அணியின் 92இல் 41 அவருடையது. வேறு யாரிடமும் அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மில்வாக்கி இன்னும் பெரிது என்பேன். 2-0 பின்னால் போய், மூன்றாவது ஆட்டம் இரண்டு மேலதிக நேரத்துக்குப் போனது. கவாய் 52 நிமிடம் நின்றார், மில்வாக்கியின் ஸ்டார் யானிஸை மறிக்கிற வேலையையும் எடுத்துக்கொண்டார். வழக்கமான சீசனில் 60 ஆட்டம்தான் ஆடவிட்டோம், மற்ற 22இல் அவர் இல்லாமல் 17 வென்றோம். 'இந்த ஆள் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்' என்று ஜனவரியில் முணுமுணுத்தவர்களுக்கு மே மாதம் பதில் கிடைத்தது. அந்த பிளேஓஃபில் மொத்தம் 732 புள்ளி.

அப்புறம் ஜூலை. அதைப் பார்த்திராத உங்களுக்குச் சொல்லவேண்டும், இந்த நகரம் பைத்தியமாகிப் போயிருந்தது. ஊர்வலத்தில் "இன்னும் ஐந்து வருடம்" என்று கோஷம். சாப்பாட்டுக் கடைகள் அவருக்கு வாழ்நாள் முழுக்க இலவசம் என்று அறிவித்தன. ஒரு தனியார் விமானம் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியதும், அங்கிருந்து புறப்பட்ட கறுப்பு வாகனங்களை டவுன்டவுன் ஹோட்டல் வரைக்கும் ஹெலிகொப்டரில் துரத்தி நேரலையாகக் காட்டினார்கள். பிரதமர் வந்தாலும் இந்த வரவேற்பு கிடையாது. ஜூலை 6 அதிகாலை செய்தி வந்தது: கிளிப்பர்ஸ், போல் ஜோர்ஜ் என்ற இன்னொரு ஸ்டாரோடு.

அந்த டிசம்பரில் அவர் எதிரணியாக இங்கே வந்தபோது எங்கள் லௌரிதான் கப் வென்றதற்கான மோதிரத்தைக் கொடுத்தார், அரங்கம் எழுந்து நின்றது. கார்ட்டரை எத்தனை வருடம் இதே ஊர் ஊளையிட்டது என்று பார்த்தவன் நான். ஆகவே மச்சானிடம் சொல்லுங்கள், இந்த வழக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது.

---

ஹாமில்டன்_ரசிகை:

உண்மையில் நட்டப்பட்டது கிளிப்பர்ஸ் அல்லவா! கவாய் வரவேண்டும் என்றால் போல் ஜோர்ஜும் வேண்டும். அவருக்காக ஒக்லஹோமாவுக்கு ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர், கலினாரி, ஐந்து முதல்சுற்றுத் தெரிவு, அதற்கு மேல் தெரிவு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு. அந்தத் தெரிவுகளில் ஒன்றுதான் ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் ஒக்லஹோமா கப் எடுத்தபோது எம்விபி (மிகச் சிறந்த வீரர்) யார்? நம்ம ஹாமில்டனில் வளர்ந்த ஷே. கிளிப்பர்ஸ் 2020இல் டென்வரிடம் 3-1 முன்னால் நின்று தோற்றது, இறுதித் தொடரை இன்னும் கண்ணால் காணவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஸ்டாரை ஃப்ரீ ஏஜென்சியில் 'வென்ற' அணியின் நிலை இது.

---

மூன்றுபுள்ளி_முத்து:

ஷே கதை சரி. ஆனால் ஸ்கைடோம் அண்ணா, நீங்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். வைத்துக்கொண்டு ஆடுவதா, விற்பதா? கவாயை வைத்துக்கொண்டது சரி என்றால், 2023இல் எங்கள் வீரர் வான்வ்லீடை வைத்துக்கொண்டதும் சரிதானே?

---

பழைய_ஸ்கைடோம்:

இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற கோடை 2019 இல்லை, 2023தான்.

அந்த பெப்ரவரியில் நாங்கள் வெற்றியைவிடத் தோல்வி கூடின அணி. வான்வ்லீட் கோடையில் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். விற்கிற நேரம் அது. நாங்கள் விற்கவில்லை, வாங்கினோம்! யாரை? பெர்டலை. 2018இல் கவாய்க்காகக் கொடுத்த அதே பெர்டலை, அதே சான் அன்டோனியோவிடம், இன்னொரு முதல்சுற்றுத் தெரிவைக் கொடுத்துத் திரும்ப எடுத்தோம். அந்தத் தெரிவு 2024இல் எட்டாவது இடத்தில் போய் விழுந்தது.

அதெல்லாம் எதற்கு? 41-41, பிளேஓஃபுக்கு முன்னால் வருகிற ஒற்றை ஆட்டம், சொந்த அரங்கில் சிக்காகோ. 19 புள்ளி முன்னால் நின்று 109-105 தோல்வி. 36 ஃப்ரீ த்ரோவில் 18 தவறிப் போனது. நாங்கள் எறியும்போதெல்லாம் டெரோஸனின் மகள் பார்வையாளர் இருக்கையிலிருந்து கீச்சிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். தகப்பனுக்குச் செய்ததற்குப் பிள்ளை வட்டியோடு வாங்கினாள் என்று எங்கள் வீட்டில் சிரித்தோம், வேறு என்ன செய்ய.

ஜூலையில் வான்வ்லீட் ஹூஸ்டனுக்குப் போனார், 3 வருடத்துக்குச் சுமார் 130 மில்லியன். எங்களுக்குக் கிடைத்தது பூச்சியம். ட்ராஃப்டில் யாரும் எடுக்காத பொடியனை வளர்த்து, 2019 ஆறாவது ஆட்டத்தில் கடைசிக் கால்பகுதியில் 12 புள்ளி அடிக்க வைத்து, சும்மா அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் பயந்து அனுனோபியை நியூ யோர்க்குக்கும், சியாகமை இண்டியானாவுக்கும் விற்றார்கள். சியாகம் 2025இல் இண்டியானாவை இறுதித் தொடருக்கே கொண்டுபோனார்.

முத்து, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். கிழக்குப் பிரிவில் எல்லாரையும் வெல்லக்கூடிய அணி என்றால் ஒப்பந்தம் நாளைக்கு முடிந்தாலும் வைத்துக்கொள். ஐம்பதுக்கு ஐம்பது அணி என்றால் பெப்ரவரியில் தொலைபேசியை எடு. கவாய் போனபோது நாங்கள் வாங்கிய பொருளுக்கு விலை கொடுத்தோம். வான்வ்லீட் போனபோது பொருளும் இல்லை.

---

கணக்குப்பிள்ளை:

ஒரு சின்னச் சேர்க்கை. 2018இல் கொடுத்த முதல்சுற்றுத் தெரிவு 29ஆம் இடத்தில் விழுந்தது, அதில் சான் அன்டோனியோ எடுத்தது கெல்டன் ஜோன்சனை. கப் எடுக்கிற அணியின் தெரிவு பெரும்பாலும் கடைசிப் பக்கமாகத்தான் விழும், ஆகவே அது மலிவு. நடுத்தர அணி கொடுக்கிற தெரிவுதான் கையைச் சுடும். 29ஐயும் 8ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

கடைசிவரிசை:

நன்றி எல்லாருக்கும். ஸ்கைடோம் அண்ணா எழுதியதை அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். முழுக்க வாசித்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டார்: "அதெல்லாம் சரி, 2020?"

---

மூன்றுபுள்ளி_முத்து:

உங்கள் மச்சானை இங்கே கூட்டிவாருங்கள், தனியாக நின்று களைத்துப் போனேன்.