ஒன்பதாம் வகுப்பில் மகன் ஃபெயில்: அதே வகுப்பில் விடலாமா, டி.சி. வாங்கலாமா?

பட்டறைக்காரர், கரூர்

எல்லோருக்கும் வணக்கம். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். என் மூத்த மகன் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது முடித்திருக்கிறான். ஆண்டுத் தேர்வில் தமிழ் 61, கணக்கு 17, அறிவியல் 28. மற்ற இரண்டிலும் பாஸ்.

போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். "இன்னொரு வருஷம் ஒன்பதாவதே படிக்கட்டும். வேண்டாம் என்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், அதில் பாஸ் என்றே போட்டுத் தருகிறோம்" என்றார்கள். டி.சி. வாங்கினால் பாஸ், இங்கேயே இருந்தால் ஃபெயில். இது எனக்குப் புரியவே இல்லை. எட்டாவது வரை வருஷா வருஷம் பாஸ் என்றுதான் கார்டு வந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிட்டு இவன் கணக்கில் பின்தங்கியிருக்கிறான் என்று சொல்லவில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவன் தங்கை அதே பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டாள். இவனை நிறுத்தினால் ஜூனில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பா, நான் உங்க கூடப் பட்டறைக்கே வந்துடறேன்" என்கிறான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

தம்பி, முதலில் பையனைச் சாப்பிட வையுங்கள். 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாவது, பத்தாவதுக்குக் கணக்கு எடுத்தவன் சொல்கிறேன், இது சரி செய்யக்கூடிய விஷயம்தான்.

17 மார்க் வாங்குகிற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தெரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அவனுக்குத் தெரியாதது நான்காவது, ஐந்தாவது கணக்கு. இன்று ராத்திரி திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே மூன்று கணக்கு கொடுங்கள். 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 102. நடுவில் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 12 என்று எழுதுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்புறம் அரையும் காலும் எவ்வளவு என்று பின்னமாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, –5 + 3. இதற்கு –8 என்று எழுதினான் என்றால் இயற்கணிதப் பாடம் முழுக்க அவனுக்கு இருட்டாகத்தான் இருந்திருக்கும்.

ஓட்டை அங்கே இருக்கும்போது ஒன்பதாவதையே மறுபடி நடத்தி என்ன செய்ய? அதே கண மொழி, அதே மெய்யெண்கள், அதே முக்கோணவியல். போன வருஷம் புரியாதது இந்த வருஷமும் புரியாது. கூடவே "ஃபெயிலானவன்" என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். என் வகுப்பில் அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பையன் இருந்தான். நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பான். தீபாவளிக்குள் கொசுவலைக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. அந்தக் கையெழுத்து இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

நிறுத்துவதற்குப் பதில் இந்த மே மாதத்தைப் பிடியுங்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். வகுத்தல், பின்னம், குறை எண்கள், இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது புத்தகத்தைத் தொடவே வேண்டாம்.

மெட்ரிக் டீச்சர், ஈரோடு

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்ததிலிருந்து எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது. 2019 திருத்தத்தில் 5, 8 வகுப்புகளில் தேர்வு வைக்கலாம், மறுதேர்விலும் தேறாவிட்டால் நிறுத்தலாம் என்று மாநிலங்களிடம் விட்டார்கள். நம் மாநிலத்தில் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு பழைய முறையையே வைத்துக்கொண்டது. அதனால் எல்லாப் பாரமும் ஒன்பதாவதில் வந்து விழுகிறது. 45 பேர் உள்ள வகுப்பில் ஆறு பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருகிறது. அவர்களைப் பத்தாவதுக்கு அனுப்பிப் பொதுத்தேர்வில் ஃபெயிலாக்குவதைவிட ஒரு வருஷம் கூடுதலாக எங்களிடம் இருப்பது நல்லதில்லையா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

அம்மா, அந்தக் கூடுதல் வருஷத்தில் அந்த ஆறு பேரையும் தனியாக உட்கார வைத்து, ஐந்தாவது பாடத்திலிருந்து நீங்கள் எடுப்பதாக இருந்தால் நானே பெற்றோரிடம் வந்து பேசுகிறேன். அப்படி எந்தப் பள்ளியிலாவது நேரம் ஒதுக்கித் தருகிறார்களா? அதே டைம்டேபிள், அதே 45 பேர்தானே? எட்டாவது வரை நிறுத்தக் கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. கற்றுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. அந்த எட்டு வருஷமும் பிள்ளை நம் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செல்வி அக்கா, நாமக்கல்

நான் வேறு மாதிரி ஒரு அனுபவம் சொல்கிறேன். என் மகளுக்கு ஒன்பதாவது படிக்கும்போது முதுகில் ஆபரேஷன். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை பள்ளிக்கே போகவில்லை. பள்ளியில் பாஸ் போடுகிறோம் என்றார்கள், நாங்கள்தான் வேண்டாம் என்றோம். அவளும் சம்மதித்தாள். அந்த வருஷம் அவளுக்கு ரொம்ப உதவியாக இருந்தது, பத்தாவதில் 400-க்கு மேல் வாங்கினாள். ஆனால் அவள் பாடத்தைத் தவறவிட்டவள். உங்கள் பையன் வருஷம் முழுக்க வகுப்பில் இருந்திருக்கிறான், இருந்தும் புரியவில்லை. இரண்டும் ஒன்றில்லை தம்பி.

இன்னொன்று. தமிழில் 61 வாங்குபவனுக்கு எண்களில் மட்டும் இவ்வளவு தடுமாற்றம் என்றால், அரசு மருத்துவமனையில் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் ஒருமுறை காட்டுங்கள். இருந்தால் பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் மாதிரி சலுகைகள் உண்டு. சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும், அதனால் இப்போதே ஆரம்பியுங்கள்.

பழைய ஒன்பதாவது

அண்ணா, நான் 1999-இல் ஒன்பதாவதில் நிறுத்தப்பட்டவன். பாடத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. என் கூட்டாளிகள் எல்லாம் அடுத்த ரூமில் பத்தாவது உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் இருக்க மைதானத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வகுப்புக்குப் போவேன். அதுதான் ஞாபகம் இருக்கிறது. தங்கையோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

டி.சி. பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மேல் வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உள்ளவரா என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். வாங்கும்போது அங்கேயே நின்று அதைப் படித்துப் பாருங்கள். "ஆம்" என்று இருந்தால் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாவதிலேயே சேர்க்கலாம். ஒரு பாடம் போனாலும் ஜூலைவாக்கில் துணைத்தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் அதே வருஷம் பதினொன்று. உங்கள் மகளைப் பற்றிய கவலை வேண்டாம், எட்டாவது வரை அவளை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் அந்த மூன்று கணக்கை அவளுக்கும் கொடுத்துப் பாருங்கள்.

பட்டறைக்காரர், கரூர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கொடுத்தேன். ஐயா சொன்னதே நடந்தது. 612-க்கு 12. அரையும் காலும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதினான். –5 + 3-க்கு எதுவும் எழுதவில்லை. மகள் பின்னத்தில் மட்டும் தப்பு செய்தாள்.

அப்புறம் டேப்பை எடுத்து வந்து விரித்தேன். பட்டறையில் நாங்கள் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்று அளப்போம். அரை அங்குலம் எத்தனை நூல் என்றேன், நாலு என்றான். கால் அங்குலம்? ரெண்டு. சேர்த்தால்? ஆறு நூல், முக்கால் என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு, நோட்டில் எழுதிய ஆறில் இரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் அங்குலத்தோடு மூன்று நூல் சேர்த்தால் என்றேன். ஒரு அங்குலம் ஒரு நூல் என்றான், டேப்பைப் பார்க்காமலே.

திங்கட்கிழமை பட்டறைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். டி.சி. வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போகிறோம். இன்று காலையில் நாலு இட்லி சாப்பிட்டான். ஐயா, குறை எண்ணை எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு டேப்பில் வழி தெரியவில்லை.